எவர் வார்த்த எண்ணெய்?

இராயபுரம் இராபின்சன் பூங்காவில், 1949 செப்டம்பரில், கொட்டும் மழையிலே தொடங்கிற்று கழகம். பூங்காவிலிருந்து சற்றுத் தொலைவில்தான் துறைமுகம். அந்தத் துறைமுகத்தில் 1990 மார்ச்சில், ஈழத்திலிருந்து திரும்பிய இந்திய அமைதிப்படை வந்திறங்கிற்று. அதனை வரவேற்க முதலமைச்சர் கலைஞர் செல்லவில்லை. தமிழரைக் கொன்று திரும்பும் படைக்கு வரவேற்புரைக்க அவர் மனம் ஒப்பவில்லை. தேசபக்தி எங்கே என்று சீறினர், சினந்தனர், டில்லியின் திருத்தொண்டர்கள்!

பிறருடைய பக்தியை நிறுத்துப் பார்ப்பதில் வல்லவர்களான அவர்கள், தங்கள் கையிலுள்ள தராசை ஒருமுறையேனும் உற்று நோக்கியதுண்டா? அந்தத் தராசைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

1956இல் 'சிங்களம் மட்டும்' சட்டம். 1958இல் கலவரம். 1983 சூலையில் கொழும்பு வீதிகளில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பௌத்த சிங்களவர்க்கே நாடு, மற்றவர் குடியிருப்போர் என்ற வெறி மூட்டிய தீ அது. அண்டை வீட்டுக்காரர் என்ன செய்தார்? முதலில் தமிழ் இளைஞர்களுக்குப் பயிற்சியும் படைக்கலமும் தந்தது டில்லி. 1987இல் ஒப்பந்தம் செய்தது, படை அனுப்பிற்று, தான் பயிற்றுவித்தவர்களுடனேயே போரிட்டது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டனர். குழப்பம் என்று இதை மன்னித்துவிடலாம். மன்னிக்க இயலாதது அதன் பிறகு வந்தது.

2007 மே இறுதியில், இதே சென்னையில், முதலமைச்சரைக் கண்டு பேசியபின், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் ஒரு கருத்தை வெளியிட்டார். இந்தப் பகுதியின் பெரிய வல்லரசு நாமே. இலங்கை ஆயுதத்துக்காகச் சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ போகலாகாது, நம்மிடமே கேட்கட்டும். ஆனால் தாக்கும் கருவி தரமாட்டோம், தற்காக்கும் கருவி தருவோம். இதுவே அதன் சாரம்.

மெல்லப் படித்துப் பாருங்கள். ஆயுதம் யார்மீது பாய்கிறது என்ற கவலை இதில் உண்டா? எந்தக் கடையில் வாங்கப்படுகிறது என்பதல்லவா கவலை! வாடிக்கைக்காரன் அடுத்த கடைக்குப் போகிறானே என்று பதறும் வணிகன் குரலல்லவா இது! சீனா பெயர் வந்தது, பாகிஸ்தான் பெயர் வந்தது. கிபீர் குண்டுவீச்சு விமானம் விற்ற இசுரேல் பெயர் ஏன் வரவில்லை? வன்னியில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த பெயராயிற்றே கிபீர்! 2004இல் காவற்கப்பல் தந்த அமெரிக்கா ஏன் விடுபட்டது? அவர்கள் நண்பர்கள். நண்பர் வார்த்தால் எண்ணெயும் பன்னீராகிவிடும் போலும்!

இனி, அந்தத் 'தற்காப்பு'. 2000ஆம் ஆண்டில் இந்தியக் கடற்படையின் 'சரயு' கப்பல் இலங்கைக்குச் சென்று 'சயுரா' ஆயிற்று. 2007இல் ஆழ்கடலிலே புலிகளின் கப்பல்களைத் துரத்தி மூழ்கடித்த அணியில் அது நின்றது. வவுனியாப் படைத்தளத்தில் இந்தியா தந்த இராடார் சுழன்றது. 2008 செப்டம்பரில் அத்தளம் தாக்கப்பட்டபோது இரண்டு இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் காயமுற்றனர்; அவர்கள் அங்கிருந்ததே அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. நான் வலை வீசவில்லை, மீன் நிற்கும் திசையை மட்டுமே காட்டினேன் என்று படகிலிருப்பவன் ஒருவன் சொன்னால், காசிமேட்டில் கைகொட்டிச் சிரிப்பார்கள்!

ஜெனீவாவுக்கு வருவோம். 2009 சனவரி 12. காசாவில் இசுரேல் நடத்திய தாக்குதலைக் கண்டித்து ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் தீர்மானம். 33 நாடுகள் ஆதரவு. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. நல்ல வாக்கு, அறத்தின் வாக்கு, அதனைப் போற்றுகிறோம். பிரிட்டனும் பிரான்சும் செர்மனியும் நடுநிலை என்று ஒதுங்கின. நான்கு திங்கள் கழிந்து மே 27. முள்ளிவாய்க்காலில் புகை அடங்கவில்லை. அதே மன்றம், அதே ஆண்டு. இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் 29க்கு 12 என்ற கணக்கில் வென்றது. பிரிட்டனும் பிரான்சும் செர்மனியும் எதிர்த்தன. இந்தியா? ஆதரித்தது! எந்தச் சீனாவிடம், எந்தப் பாகிஸ்தானிடம் ஆயுதம் வாங்காதே என்றதோ, அவர்களோடு சேர்ந்தே கை தூக்கிற்று. சனவரியில் வாய் மூடியோர் மேயில் வாய் திறந்தனர். சனவரியில் நீதி கேட்டோர் மேயில் பாராட்டுப் பத்திரம் வாசித்தனர். அந்த இறுதிப் போரில் 40,000 குடிமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் எழுதிற்று.

டில்லியைச் சாடிவிட்டு எழுந்துவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் 2009இல் கோட்டையில் இருந்தது யார் அரசு? டில்லி அமைச்சரவையில் வீற்றிருந்த தோழமைக் கட்சி எது? கழகம் அந்த அணியைவிட்டு வெளியேறியது 2013 மார்ச்சில். நான்கு ஆண்டுத் தாமதம்! நண்பர் பிழைக்குக் கண்மூடும் நோய் டில்லிக்கு மட்டுமே உரியதன்று.

இன்னும் ஒன்று உண்டு. எழுதக் கை கூசுகிறது. 1990 ஆகஸ்டு 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்து முசுலிம்களை இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள் புலிகள். வீட்டையும் நகையையும் விட்டுவிட்டுப் புத்தளத்துக் குடிசைகளுக்கு அவர்கள் நடந்தனர். பேசிய மொழி தமிழ்தான். நம் மண்ணடியிலும் இராயபுரத்திலும் அடுத்த வீட்டில் கேட்கும் அதே தமிழ்!

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலை வாயில்களில் ஈழத்துக்காகத் தொண்டை வறளப் பேசியிருக்கிறோம். அந்த மேடைகளில் காத்தான்குடி என்ற ஊர்ப்பெயரைச் சொன்னதாக நமக்கு நினைவில்லை.