நிற்கும் ராக்கெட்டுகளும் காணாமல்போன கடைகளும்

நம்ம ஊர் அறிவியல் கண்காட்சிகளில் ராக்கெட் நிற்கும், பறக்காது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் பள்ளிக் கண்காட்சி எதற்குப் போனாலும் தெர்மாகோலில் ஒரு பிஎஸ்எல்வியைப் பார்க்கலாம். பக்கத்தில் சார்ட். அதில் உள்ளதை ஒரு மாணவி மூச்சு விடாமல் ஒப்பிப்பார். குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார். பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பறக்காத ராக்கெட்டைப் பற்றி ஒப்பிக்கத்தானே முடியும்?

எதிர் முனையில் பெரிய விழாக்கள். 2023 பிப்ரவரி 19 அன்று, சென்னைக்குத் தெற்கே பட்டிபுலத்திலிருந்து அப்துல் கலாம் பெயரில் ஒரு மாணவர் ராக்கெட் ஏவப்பட்டது. 5000க்கும் மேற்பட்ட மாணவர்கள், 150 பிக்கோ செயற்கைக்கோள்கள் என்றார்கள். 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து ரூமி-1 கிளம்பியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விண்வெளி ஆசையை மூட்டியது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஒன்று, பெயர். இரண்டு ராக்கெட்டுகளும் சுற்றுப்பாதைக்குப் போகிறவை அல்ல. மேலே போய்விட்டு இறங்கும் பெட்டியைச் செயற்கைக்கோள் என்றால், பிள்ளை முதல் பாடத்தையே தப்பாகப் படிக்கிறது. இரண்டு, கணக்கு. 5000ஐ 150ஆல் வகுத்தால் ஒரு பெட்டிக்கு 33 பேர். ராக்கெட்டோ ஒன்றே ஒன்று. அது கோணலாகப் போனால், துடுப்பை மாற்றி ஒட்டி மறுநாள் மறுபடி விட அந்த மாணவனுக்கு வழியில்லை. பொழுதுபோக்கு என்பதே அந்த 'மறுபடி'தான்.

மாடல் ராக்கெட் அமெரிக்காவில் தொடங்கிய கதை இங்கே உதவும். 1954-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற சிற்றூரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல்தான் முதல் வடிவத்தைச் செய்தவர். அட்டைக் குழாய், மாற்றிப் போடக்கூடிய மோட்டார், இறங்க ஒரு பாராசூட். பட்டாசுத் தொழில் குடும்பத்தில் பிறந்த வெர்ன் எஸ்டஸ், 1958-ல் அந்த மோட்டார்களை எந்திரத்தில் செய்ய ஆரம்பித்தார். இதில் முக்கியமான விஷயம், பிள்ளைகள் கருமருந்தைத் தொடவே வேண்டாம். மருந்தை நிரப்புவது தொழிற்சாலை. கடையில் வாங்கிச் செருகினால் போதும். மோட்டாரின் மேல் ஏ8-3 என்று அச்சடித்திருக்கும். 'ஏ' என்றால் மொத்த உந்தம் 2.5 நியூட்டன்-நொடிக்குள், 8 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில், 3 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட் வெளிவர ஆகும் நொடிகள். ஒரு பாக்கெட் வாங்கினால் பாதி இயற்பியல் பாடம் முடிந்தது.

நம்மிடம் சிவகாசி இருந்தும் இது ஏன் வரவில்லை? வெடிமருந்தை எந்தக் கடையிலும் வைத்து விற்க முடியாது, தபாலில் அனுப்ப முடியாது, சட்டம் கறார். கறாராக இருக்க வேண்டியதுதான். 2023 அக்டோபரில் அரியலூர் மாவட்டம் விரகாலூர் பட்டாசு ஆலை விபத்தில் எத்தனை குடும்பங்கள் ஆளை இழந்தன என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எனவே, தீபாவளி ராக்கெட்டைப் பிரித்துப் பரிசோதனை செய்யும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

அமெரிக்காவில் ஹாபி கடைகள் ஆன்லைன் வியாபாரத்தால் மூடிக்கொண்டிருக்கின்றன என்று புலம்புகிறார்கள். நமக்கு அந்தக் கடை வந்ததே இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்த கடைகள் இருந்தன: ரேடியோ மெக்கானிக் கடை, சைக்கிள் கடை, லேத் பட்டறை. "இந்த ரெசிஸ்டர் சுடுது தம்பி, வாட்டேஜ் கூட்டிப் போடு" என்று அங்கே ஒருவர் சும்மாவே சொல்லிக்கொடுப்பார். இன்று பெரம்பலூரில் உட்கார்ந்தபடி ஆர்டுயினோ வரவழைக்கலாம். 1995-ல் நினைத்துப் பார்க்க முடியாத வசதி, உண்மைதான். ஆனால் பெயர் தெரியாத பொருளைத் தேடல் பெட்டியில் எப்படித் தேடுவது? இரண்டு ரூபாய் ரெசிஸ்டருக்கு அதைவிடப் பல மடங்கு டெலிவரி கட்டணம். அதுவும் அப்பாவின் போனிலிருந்து. பொருள் வீட்டுக்கு வருகிறது, அந்த அண்ணன் சொன்ன வார்த்தை வருவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? தண்ணீர் ராக்கெட். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் டியூப் வால்வு பொருத்திய ரப்பர் அடைப்பான், ஒரு பம்பு. மருந்தும் இல்லை, உரிமமும் தேவையில்லை. ஆசிரியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பிள்ளைகள் தள்ளி நிற்க வேண்டும். மக்காச்சோளம் அறுத்த காடு நம்ம பக்கம் ஏராளம். 20 மீட்டர் தள்ளி நின்று, பாகைமானியில் நூல் கட்டி உச்சியைப் பார்த்து 45 பாகை வந்தால், கண் மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரம். டேன் எதற்கு என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வால்வை வெட்டிக் கொடுக்க ஒரு சைக்கிள் கடை வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு சாதனை விழா நடத்துகிற பணத்தில், அப்படி நாலு கடைக்காரர்களை மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு அழைத்துக் கூலி கொடுங்கள். பேப்பரில் போட்டோ வராது. ஆனால் ராக்கெட் பறக்கும். விழுந்தால், அடுத்த வாரமும் பறக்கும்.