வழிப்பறியில் பிறந்த பதிகம்

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில், பனியன் கம்பெனிகளுக்கும் கற்சிற்பக் கூடங்களுக்கும் நடுவே இருக்கிறது திருமுருகன்பூண்டி. ஏழாம் திருமுறையில் 49ஆம் பதிகம் சுந்தரர் இந்த ஊரில் பாடியது. பாடுபொருள் வழிப்பறி. பதிகத்தின் முதல் சுவையே அதுதான்.

சேரமான் பெருமாள் தந்த பரிசுகளோடு வந்த சுந்தரரைச் சிவபூதங்களே வேடர் உருவில் கொள்ளையிட்டதாகச் சேக்கிழார் சொல்கிறார். பதிகத்திலோ பூதங்கள் இல்லை; இரக்கமற்ற மனிதர்கள்தான். வில்லைக் காட்டி மிரட்டுகிறார்கள், கல்லால் அடிக்கிறார்கள். தாங்கள் கந்தலை உடுத்திக்கொண்டு வழிப்போக்கரின் ஆடையைப் பறிக்கிறார்கள். உலகத்துக்கே சட்டை தைத்து அனுப்பும் ஊரில் இதைக் கேட்டால் பாட்டில் புதிதாக ஒரு குறும்பு ஏறிவிடுகிறது.

பண், பழம்பஞ்சுரம். இன்று சங்கராபரணத்தில் பாடுவார்கள். விரிந்து நடக்கிற அந்த ராகத்துக்குள், முதல் பாட்டின் எதுகை அடி விழும் ஓசையோடு வருகிறது. நல்ல ஓதுவார் அந்தக் கரடுமுரடை மழுப்பமாட்டார். அப்போதுதான் கடைசிப் பாட்டைத் தவிர மற்ற ஒவ்வொன்றின் முடிவிலும் இறைவனிடம் கேட்கும் கேள்வி இனிக்கும்: இப்படிப்பட்ட ஊரில் உமக்கு என்ன வேலை? ஒரு பாட்டில் இன்னும் குத்தலாக: காளைக்குக் கால் ஒன்றும் ஒடியவில்லையே, ஏறிப் போகவேண்டியதுதானே? கோபம்தான், ஆனால் மரியாதை குறையாத கோபம். சண்டையிலும் ‘ங்க’ போட்டுப் பேசும் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொனியை விளக்க வேண்டியதில்லை.

மனம் இறுகியவர்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் தையல் லைனில் ஏச்சு, பீஸ் ரேட்டில் பைசாவுக்குப் பேரம். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, கீழே ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயிகள் நிலம் கெட்டுத் தவித்தார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை போனது அது. வேதனையை மறக்கச் சொல்லும் பாட்டு இந்த மண்ணில் எடுபடாது. சுந்தரர் மறக்கச் சொல்லவில்லை, பறித்த கையையும் பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

சேக்கிழார் கதையில் பொருள்கள் திரும்பக் கிடைக்கின்றன. பதிகத்தின் பத்துப் பாட்டிலும் அந்தச் செய்தி இல்லை. வேடர்கள் திருந்தியதாகவும் இல்லை. எல்லாவற்றையும் பறிகொடுத்தவர் தம் தோழனான இறைவனோடு உரிமையாகச் சண்டை போடுகிறார், சண்டை பண்ணில் அமைந்துவிடுகிறது. ஊர் நல்லதாகும்வரை இன்பத்தைத் தள்ளிப்போடாத பாட்டு இது.