எட்டு மில்லிமீட்டர் கழுத்து

கையில் எடுத்துப் பார்த்தால் வெஞ்சுரி ஒன்றுமே இல்லை. ஒரு சாண் நீளக் குழாய். இரு முனையும் அகலம், நடுவில் ஒடுங்கிய கழுத்து. கழுத்தின் பக்கவாட்டில் பென்சில் நுழையாத ஒரு துளை. சுழல்வது, திறப்பது, தேய்வது என்று உள்ளே எதுவும் கிடையாது. சொட்டுநீர்ப் பாசனம் போட்ட நம் தோட்டக்காரர்களுக்கு இது பழகிய சாமான்தான். பக்கத்தில் ஒரு வாளியில் உரத்தைக் கரைத்து வைத்துச் சின்னக் குழாயை அதில் விட்டுவிட்டால், ஓடுகிற தண்ணீரே உரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதே சாமானை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிலர் கார் கொட்டகையில் மாட்டி, பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து பயோடீசல் காய்ச்சுகிறார்கள். பிரிட்டனில் 2007 முதல் ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை எரிபொருள் வரி இல்லாமல் தயாரிக்க அனுமதி உண்டு. அவர்களுடைய அமைப்பில் பம்பும் வெஞ்சுரியும் படிப்படியாகத் தேறி வந்த விதத்தை நின்று பார்க்கத் தோன்றுகிறது. நல்ல பாட்டில் ஒரு சொல்லை மாற்றினால் அடி முழுவதும் வேறு ஓசை பெறுமே, அந்த மாதிரியான மாற்றங்கள் அங்கே நடந்திருக்கின்றன.

வேலை என்னவோ எளியது. பழைய எண்ணெயை வடிகட்டி, ஈரம் போகக் காய்ச்சி, ஐம்பத்தைந்து டிகிரிச் சூட்டில் வைத்துக்கொள்வது. எண்ணெயின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு மெத்தனால் எடுத்து, அதில் காஸ்டிக் சோடாவையோ காஸ்டிக் பொட்டாஷையோ கரைத்து, எண்ணெயோடு கலந்து ஓட்டுவது. ஓட்டம் நின்றதும் கிளிசரின் கறுப்பாக அடியில் இறங்கும். மேலே நிற்பது பயோடீசல். இதில் ஒரே ஒரு முரண்டுதான். எண்ணெயும் மெத்தனாலும் ஒட்டாது. ஒட்டாத இரண்டையும் ஒட்டவைக்கும் இடம்தான் பம்பும் வெஞ்சுரியும்.

தொடக்க காலத்து அமைப்பில் வெஞ்சுரியே கிடையாது. பழைய வாட்டர் ஹீட்டரின் உருளையே அடுப்பும் பாத்திரமும். கீழே ஒரு அங்குலத் தண்ணீர் பம்பு. அது அடியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி உச்சியில் கொண்டுபோய் விடும். மெத்தனால் கலவையை எங்கே நுழைப்பது? பம்புக்கு முன்னால், சக்‌ஷன் பக்கம். அங்கேதான் உறிஞ்சல் இருக்கிறது, வால்வைத் திறந்தால் தானே போய்விடும் என்பது கணக்கு. போகத்தான் செய்தது. ஆனால் காரமான அந்தக் கலவை முழுவதும் இம்பெல்லரையும் சீலையும் தழுவிக்கொண்டு போனது. கலவை தீர்ந்த கணம் வால்வை மூடத் தவறினால் காற்று உள்ளே புகும். கிணற்று மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டு வெறுமனே ஓடுவதைக் கேட்டவர்களுக்கு அந்த ஓலம் தெரியும்.

முதல் நயம் இங்கே. வெஞ்சுரியை வைத்தவர்கள் நுழைவாயிலை பம்புக்குப் பின்னால், டெலிவரி பக்கம் கொண்டுபோனார்கள். தள்ளுகிற பக்கத்திலேயே இழுக்கிற இடம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள்! பம்பு இப்போது காரமான கலவையை நேராக எதிர்கொள்வதில்லை. கலவை அதைத் தாண்டிய பிறகுதான் வந்து சேர்கிறது. சேரும்போதும் சும்மா சேர்வதில்லை. கழுத்தில் பாயும் எண்ணெயின் வேகம் அதைக் கிழித்துப் பொடித்துளிகளாக்கிவிடுகிறது. துளி சிறுத்தால் இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பு பெருகும். ஒட்டாதவை ஒட்டுவது அப்படித்தான்.

தள்ளுகிற குழாயில் இழுப்பு எப்படி வருகிறது? ஓட்டத்தின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பது பெர்னூலி 1738இல் வெளியிட்ட நூல் காட்டிய வழி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகள் நெருங்கிக் காற்றைப் பிடித்து விரைவுபடுத்துவதால் அல்லவா முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன? குழாயின் கழுத்திலும் அதே நெருக்கடி, அதே விரைவு. அளவைப் பார்த்தால்தான் சுவை. நிமிடத்துக்கு 40 லிட்டர் எண்ணெய் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் குழாயில் அதன் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர்கூட இல்லை, ஒரு நடை வேகம். 10 மில்லிமீட்டர் கழுத்தில் அதுவே எட்டரை மீட்டர். அழுத்தம் அங்கே மூன்றரை மீட்டர் உயர எண்ணெய்க்குச் சமமாக இறங்குகிறது. கழுத்தை 8 மில்லிமீட்டராக்கினால்? வேகம் பதின்மூன்று மீட்டர், இறக்கம் ஒன்பது மீட்டர். குறைத்தது இரண்டே மில்லிமீட்டர், இழுப்பு இரண்டரை மடங்கு. பேராசைப்பட்டு 6 மில்லிமீட்டருக்குப் போனால் அதே ஓட்டத்துக்கு 28 மீட்டர் கேட்கும். சின்னப் பம்பால் அது ஆகாது. ஓட்டம் சுருங்கி, இழுப்பும் சுருங்கிப்போகும். பம்பின் பலத்துக்கு ஏற்ற கழுத்து என்று ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பதுதான் கைப்பக்குவம்.

பம்பை மாற்றப் போகிறவர்கள் ஏமாறும் இடமும் இதுவே. அதிக லிட்டர் தள்ளும் பம்பைத் தேடுவார்கள். வெஞ்சுரி கேட்பது லிட்டரை விட ஹெட்டை. எவ்வளவு உயரத்துக்கு ஏற்றும் என்ற எண் பெரிதாக இருக்கவேண்டும். லிட்டர் மட்டும் பெரிதாக இருக்கும் பம்பு கழுத்தைக் கண்டதும் மூச்சுத் திணறி நிற்கும்.

பம்புக்கு வருகிற குழாய் எதிர்மாறாக அமையவேண்டும். தடிமனாக, குட்டையாக, வளைவில்லாமல், பாத்திரத்துக்குக் கீழே. ஏனென்றால் மெத்தனால் 64.7 டிகிரியில் கொதித்துவிடும். மெத்தனால் சேர்ந்து பாத்திரத்திலிருந்து மீண்டும் சுற்றிவரும் ஐம்பத்தைந்து டிகிரி எண்ணெயைப் பம்பு சிரமப்பட்டு உறிஞ்சினால், அழுத்தம் குறைந்த அந்த இடத்திலேயே மெத்தனால் ஆவியாகிக் குமிழி விடும். குமிழி இம்பெல்லரில் போய் நசுங்கும். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு உருட்டிய சத்தம் வரும். ஒடுக்கம் டெலிவரியில் குணம், சக்‌ஷனில் குற்றம்.

இனி என்னை அதிகம் கவர்ந்த இடத்துக்கு வருகிறேன். குழாய் சாமான்களை வைத்து வீட்டிலேயே செய்யும் வெஞ்சுரி பெரும்பாலும் T வடிவ இணைப்பு ஒன்று, அதற்குள் ஒரு குறுகிய மூக்கு, அவ்வளவுதான். மூக்கு வழியே பீச்சிய எண்ணெய் நேரே அகலக் குழாயில் போய் விழும். இழுப்பு வரும். ஆனால் பம்பு கொடுத்த வலுவில் பெரும்பகுதி அங்கேயே சுழித்துச் சிதறிப்போகும். முறையாகச் செய்த வெஞ்சுரியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வடிவம் வேறு. கழுத்துக்கு முன்னால் குட்டையான ஒடுக்கம், கழுத்துக்குப் பின்னால் நீளமான விரிவு. அளவுமானியாகச் செய்யப்படும் வெஞ்சுரியில் ஒடுக்கத்தின் கோணம் 21 டிகிரியை ஒட்டியும், விரிவின் கோணம் 7 முதல் 15 டிகிரி வரையும் இருக்கும். ஒடுங்கும்போது அவசரப்படலாம். திரவம் விரைந்துகொண்டே சுவரோடு சுவராக வரும். விரியும்போது அவசரப்பட்டால் அது சுவரை விட்டு விலகிச் சுழிக்கும். மெல்ல விரித்தால் வேகம் மெல்லத் தணிந்து, அழுத்தமாக மீண்டும் கைக்கு வந்துவிடும். கழுத்தில் கடன் கொடுத்தது விரிவில் திரும்பி வருகிறது. சிறிய பம்பே போதும் என்ற நிலை இந்த வாலினால் வருவது. இழுக்கிற கழுத்துக்குத்தான் பெயர். அந்த இழுப்பைக் கட்டுபடியாக்குவது வால்.

பெயர் யாருடையது? ஜொவான்னி பத்திஸ்தா வெஞ்சுரி என்ற இத்தாலியப் பாதிரியார், இயற்பியல் பேராசிரியர். 1797இல் பாரீசில் நீரோட்டம் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். லியனார்டோ டா வின்சியின் கையேடுகளில் விஞ்ஞானம் இருக்கிறது என்று உலகுக்குச் சொன்ன கட்டுரையும் அதே ஆண்டில் அவர் எழுதியதுதான். தொண்ணூறு ஆண்டு கழித்து, கிளமென்ஸ் ஹெர்ஷல் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெருங்குழாயில் ஓடும் நீரை அளக்கக் கருவி செய்து, அதற்குத் தம் பெயரை வைக்காமல் வெஞ்சுரியின் பெயரை வைத்தார். இதுவும் ஒரு நயம்தான்.

சில்லறை நுணுக்கங்களும் ரசிக்கத் தக்கவை. கழுத்துத் துளையில் ஒரு சின்ன நான்-ரிட்டர்ன் வால்வு. பம்பு நின்றால் எண்ணெய் எதிர்த்திசையில் ஏறி மெத்தனால் பாத்திரத்தை நிரப்பிவிடாமல் அது காக்கும். பித்தளை இம்பெல்லர் ஆகாது, செம்பும் பித்தளையும் பயோடீசலைச் சீக்கிரம் கெடுக்கும். சாதாரண ரப்பர் சீல் ஊறிப் பருக்கும், விட்டான் (Viton) என்ற ரப்பரில் செய்த சீல் நிற்கும். திறந்த மோட்டார் கொட்டகைக் காற்றை உள்ளே இழுத்துக் குளிர்வது. அந்தக் காற்றில் மெத்தனால் ஆவி இருந்து, உள்ளே ஸ்விட்சில் பொறியும் பறந்தால் கதை முடிந்தது. ஆகவே பொறி வெளியே வராத, தீப்பற்றும் ஆவி உள்ள இடத்துக்கென்றே செய்த மோட்டார்.

கடைசி நயம், முடிந்த பயோடீசலில் தங்கிய மெத்தனாலை மீட்கும் விதம். சூடான பயோடீசலைப் பம்பு வெஞ்சுரி வழியே ஓட்டும். இம்முறை கழுத்து இழுப்பது காற்றை. காற்று பாத்திரத்துக்குள் போய் மெத்தனால் ஆவியைச் சுமந்துகொண்டு, குளிர்ந்த குழாய்ச் சுருள் வழியே வரும். மெத்தனால் சொட்டுச் சொட்டாக வடிந்துவிடும். வெறுங்கையோடு காற்று திரும்பக் கழுத்துக்கே வரும். மூடிய சுற்று, வெளியே ஒரு மணமும் இல்லை. உள்ளே அனுப்பப் பயன்பட்ட கழுத்தே வெளியே எடுக்கவும் பயன்படுகிறது.

இவ்வளவும் சரியாக நடந்ததா என்று பார்க்க 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்குவார்கள். கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு துளி எண்ணெய்கூடத் தங்காமல் தெளிவாக நின்றால் கலவை நன்றாக ஓடியிருக்கிறது என்று பொருள்.

நம் ஊரில் இதைச் செய்து பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். மெத்தனாலுக்குத் தமிழ்நாட்டில் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான். தோல் வழியேயும் உடலில் ஏறும். எரிந்தால் பகலில் சுடர்கூடச் சரியாகத் தெரியாது. ரசிக்க அதைத் தொடவேண்டியதில்லை. உங்கள் தோட்டத்தில் உரம் இழுக்கும் வெஞ்சுரி இருந்தால் அடுத்த முறை கழற்றும்போது ஒளியில் தூக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். மேலே ஒரு அம்புக்குறி இருக்கும். திருப்பி மாட்டிவிடாதீர்கள். நீளமாக விரியும் பக்கம்தான் தண்ணீர் வெளியே போகவேண்டிய பக்கம்.