பத்து இலக்கத்தில் நேரம்

கடிகாரத்தின் முதுகில் இருக்கும் பொத்தானை அழுத்தி அழுத்தி நேரம் வைப்பது அலுப்பான வேலை. ஒரு நிமிடம் தாண்டிவிட்டால் மறுபடி முழுச் சுற்று வர வேண்டும். அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் சொந்தமாகக் கடிகாரம் செய்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. யுஎஸ்பி கேபிளைச் செருகி, சீரியல் வழியே கணினி ஒரு வரி அனுப்பினால் போதும்: 'டி' என்ற எழுத்து, அதன் பின் பத்து இலக்க எண். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கழிந்த வினாடிகளின் எண்ணிக்கை அது. ஆண்டு, மாதம், கிழமை, லீப் வருடம் எல்லாம் அதற்குள் அடக்கம். நம் ஊர் நேரத்துக்கு 19,800 கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சிக்கனம்தான் எனக்குப் பிடித்தது. 9600 பாட் வேகத்தில் வரி முழுவதும் போய்ச் சேர ஏறத்தாழ 12 மில்லிவினாடி.

வந்த நேரத்தைக் காப்பது டிஎஸ்1307 போன்ற ஒரு சிப். அதன் படிகம் வினாடிக்கு 32,768 முறை துடிக்கும். பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று. மின்சாரம் போனாலும் பொத்தான் பேட்டரி பார்த்துக்கொள்ளும். ஆனால் வெப்பம் மாறினால் படிகமும் கொஞ்சம் தடுமாறும், ஆகவே அவ்வப்போது கேபிளைத் தேட வேண்டிவரும். இன்னொன்று: சீரியல் இணைப்பைத் திறந்ததும் அர்டுயினோ ஊனோ வகைப் பலகை தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளும். ஓரிரு வினாடி பொறுத்து அனுப்புங்கள்.