மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40

அனலைதீவுக்குப் பாலம் இல்லை. படகில் ஊர்காவற்றுறைக்கு வந்து இறங்கினால்தான் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி. அந்தத் தெருவில் ஓடிய பழைய ஹயர் கார்களில் எனக்குப் பிடித்தது ஒஸ்ரின் ஏ40 சொமர்செற். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் செய்தார்கள். நிசான் உரிமம் வாங்கி 1953இல் ஜப்பானிலும் பூட்டியது.

1200 சிசி, 42 குதிரைவலு, அவ்வளவுதான். அமெரிக்க முஸ்ராங்கின் 4.7 லீற்றர் வி8 இயந்திரத்துக்கு முன்னால் இது சின்னப் பெடியன். ஆனால் 90களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் அந்த முஸ்ராங்கை இங்கே இறக்கியிருந்தால் கோழி அடைக்கத்தான் உதவியிருக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்போது பெற்றோல் மருந்துக்குத்தான். பொனற்றைத் திறந்து, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் பண்ணுவார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய். அமுக்கம் குறைந்த இயந்திரம், அதையும் குடித்துக்கொண்டு ஓடியது. வெள்ளைப் புகை, உடுப்பெல்லாம் மண்ணெண்ணெய் மணம். கலியாண வீட்டுக்குப் போனவர்களும் அந்த மணத்தோடுதான் போனார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஓடிய பழைய தட்டிவானைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் ஏ40ஐயும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.