கஞ்சியோடு நின்றுவிடும் பத்தியம்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றதும் தமிழ்நாட்டு வீடுகளில் மூன்று கட்டளைகள் பிறக்கும். பாலை நிறுத்து, பருப்பு, எண்ணெய் பக்கமே போகாதே, வெறும் கஞ்சி கொடு. லங்கணம் பரம ஔஷதம், அதாவது பட்டினியே பெருமருந்து, என்று பெரியவர்கள் அதற்கு முத்திரையும் குத்துவார்கள். இந்தப் பத்தியத்தை மூடப்பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது.

முதலில் அதன் பலம். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது நீரிழப்பு. நோயுற்ற குடலும் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உறிஞ்சும். அவற்றோடு தண்ணீரும் உள்ளே போகும். ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் நிற்பது இந்த அடிப்படையில்தான். 1971இல் வங்கதேசப் போரின்போது பங்காவ்ன் அகதி முகாமில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். உப்பிட்ட கஞ்சியும் இதே வேலையைச் செய்கிறது. அரிசியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லத்தான் குளுக்கோஸாக உடைகிறது. அதிகச் சர்க்கரை கரைத்த பானம்போல அது உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்குவதில்லை. அரிசியில் தயாரித்த ஓ.ஆர்.எஸ். காலராவில் மலத்தின் அளவைக் குறைப்பதை ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. ஆக, நம் பாட்டிமார் தேர்ந்தெடுத்த பொருளில் பிழையில்லை.

பிழை அதைச் செய்யும் விதத்தில் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக் கஞ்சிக்குச் சொல்லும் கணக்கு, லிட்டருக்கு ஏறக்குறைய 3 கிராம் உப்பு. பல வீடுகளிலோ, பிள்ளை குடிக்கட்டும் என்று உப்பை விட்டுவிட்டுச் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். இழந்த சோடியம் திரும்புவதில்லை. உப்புப் போட்டாலும் கஞ்சியில் பொட்டாசியம் போதாது. எனவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இருக்கும்போது கஞ்சி அதற்குத் துணைதான், மாற்று அல்ல. ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., பெரிய பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மி.லி. ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடரலாம்.

இதைவிடப் பெரிய குறை, நீராகக் கொடுக்க வேண்டியதைச் சோறாக நினைத்துக்கொள்வது. ஒரு டம்ளர் நீர்க்கஞ்சியில் இருக்கும் அரிசி ஒரு கைப்பிடிகூட இராது. ஜவ்வரிசிக் கஞ்சியிலும் கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சியிலும் மாவுச்சத்து உண்டு, புரதம் இல்லையென்றே சொல்லலாம். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அதற்கு உணவு வேண்டும். பட்டினியில் குடல் ஓய்வெடுப்பதில்லை, மெலிகிறது. பிள்ளை இளைக்கிறது, இளைத்த உடம்பில் அடுத்த வயிற்றுப்போக்கு எளிதாக வருகிறது. அமெரிக்காவில் வாழைப்பழம், சோறு, ஆப்பிள் கூழ், ரொட்டி என்று ஒரு பத்தியம் வெகுகாலம் ஓடியது. புரதமும் கொழுப்பும் குறைவு என்று குழந்தை மருத்துவர்கள் அதையும் கைவிட்டார்கள்.

விலக்குப் பட்டியலும் ஆராயத் தக்கது. தாய்ப்பாலை நிறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். புளித்த தயிரில் பாலைவிட லாக்டோஸ் குறைவு என்பதால் தயிர்ச்சோறு தாங்கும். வாயு என்று ஒதுக்கப்படும் வாழைக்காய், நாட்பட்ட வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளுக்குப் பயன்பட்டதை வங்கதேச ஆய்வு ஒன்று காட்டியது. குழைந்த சோற்றில் பாசிப்பருப்பும் ஒரு கரண்டி நெய்யும், இட்லி, மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, மசித்த வாழைப்பழம் என எல்லாவற்றையும், பிள்ளை ஏற்கெனவே தின்று பழகியிருந்தால், நீரிழப்பு சீரானதுமே தொடங்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை. போக்கு நின்ற பிறகு இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பத்தியத்தில் இந்தப் பகுதியே கிடையாது. கூடவே 14 நாள் துத்தநாகம்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மி.கி., அதற்குக் குறைந்த வயதில் 10 மி.கி.

உண்மையில் விலக்க வேண்டியவை பட்டியலில் இடம்பெறுவதில்லை: பாட்டில் குளிர்பானம், டப்பா பழச்சாறு, அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழிந்த கண், துவண்ட உடல் இவற்றைக் கண்டால் கஞ்சியா சோறா என்ற விவாதமே வேண்டாம், மருத்துவமனைதான்.

மொத்தத்தில், தாய்ப்பாலை நிறுத்தாதவரை, முதல் சில மணி நேரத்துக்கு நம் பத்தியம் நல்ல வழிகாட்டி. அதையே நாட்கணக்கில் நீட்டுவதுதான் தீங்கு. கஞ்சியில் உப்பைச் சேர்த்து, மறுவேளையிலேயே அதைக் கெட்டியாக்கிப் பருப்பைக் கரைக்கிற வீட்டில் பழைய அறிவும் புதிய மருத்துவமும் முரண்படுவதில்லை.