யாருக்கு மதிப்பெண்?

அமெரிக்கக் கறுப்பினத் தாய்மார், மருத்துவச்சி துணையோடு பிள்ளை பெற எவ்வளவு தன்னம்பிக்கையோடும் தயாராகவும் இருக்கிறார்கள் என்று அளக்கும் வினாத்தாள்களைப் பார்க்கும்போது கேட்கத் தோன்றுகிறது: குறை தாயிடம்தானா?

2017இல் மகளைப் பெற்ற மறுநாள், டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் தன் நுரையீரலில் இரத்தக்கட்டி இருக்கும் என்று தானே சொல்லி ஸ்கேன் கேட்டார். வலிமருந்தில் குழம்பியிருக்கிறார் என்று நினைத்தார் செவிலியர். ஸ்கேனில் கட்டிகள் தெரிந்தன. அவருக்கா தன்னம்பிக்கை இல்லை?

தலைமுறைகளாகப் பிரசவம் பார்த்த கறுப்பின மருத்துவச்சிகளைத் தென்மாநிலச் சட்டங்கள் ஒதுக்கிவிட்டன. இன்று பேத்திகளிடம் ‘தயாரா?’ என்பது என்ன நியாயம்?

கனடாவில் சரஸ்வதி வேதம் குழுவினர் 2017இல் வெளியிட்ட அளவுகோல், முடிவெடுப்பதில் தாய்க்கு இடம் இருந்ததா என்று கேட்கிறது. மதிப்பெண் போட வேண்டியது தாய்க்கல்ல. அவள் சொல்லைக் கேட்க வேண்டியவர்களுக்கு.